எழுத்துடைக் கல்லும் எழுதாப் பாட்டும்

முன்னுரை

பெங்களூரு மாநகரின் தென்கிழக்குப் பகுதியில் கோரமங்கலத்தை அடுத்து அமைந்திருப்பது ஈஜிபுரா. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் குடியிருப்பு அது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் தமிழே வீட்டுமொழி. தாலாட்டும் பழமொழியும் வசையும் வாழ்த்தும் தமிழிலேயே வழங்குகின்றன. ஆயினும் கன்னட வழியிலும் ஆங்கில வழியிலும் கல்வி பயின்ற இளந்தலைமுறையினருள் தமிழைத் தடையின்றிப் பேசுவோர் மிகுதியாகவும், தமிழெழுத்தைப் படிக்க அறிந்தோர் குறைவாகவும் உள்ளனர். எழுத்தின் துணையின்றி ஒரு மொழி வாயிலும் செவியிலும் தலைமுறைகளைக் கடந்து நிற்கக்கூடும் என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று. எழுத்தறியாமை மொழியறியாமை ஆகாது என்பது எளிய உண்மை. பண்டைத் தமிழ் வரலாற்றை எழுதுவோர் இவ்வுண்மையைச் சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

சங்கப் பாடல்களின் காலம் பற்றிய விவாதத்தில் இருவேறு நிலைப்பாடுகள் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளன. கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அங்குக் கிடைத்த கரிமச் சான்றொன்றின் காலம் கி.மு. 580 என அறிவித்தது. அதனைக் கொண்டு எழுத்து அத்துணைப் பழமையானது, ஆகவே பாட்டும் அத்துணைப் பழமையானது என முடிவு கட்டுவது ஒரு நிலைப்பாடு. ஹெர்மன் டீக்கன் 2001இல் வெளியிட்ட நூலில் சங்கப் பாடல்கள் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் அவையில் புனையப்பட்டவை என வாதிட்டார். வாய்மொழிப் பாணரின் குரலில் எழுத்தறிந்த அவைப் புலவர் பிற்காலத்தில் பாவித்துப் பாடியவை அவை என்பது அவர் கருத்து. இது மற்றொரு நிலைப்பாடு. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை போலத் தோன்றினும், பாட்டின் வரலாற்றை எழுத்தின் வரலாற்றோடு இறுகப் பிணைத்துக் காண்பதில் இரண்டும் ஒன்றே. அப்பிணைப்பு எத்துணை உறுதியானது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

எழுத்து என்னும் சொல்

தமிழில் 'எழுத்து' என்னும் சொல்லே இருபொருள் தாங்கி நிற்பது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்தை உந்தியிலிருந்து எழும் வளியின் வழியாக விளக்குகிறது. அங்கு எழுத்து என்பது ஒலி. அதே நூலின் நூன்மரபு புள்ளி பெறும் எழுத்துகளைப் பற்றியும் வடிவு திரியும் எழுத்துகளைப் பற்றியும் பேசுகிறது. அங்கு எழுத்து என்பது வரிவடிவம். இரண்டு பொருளும் ஒரே நூலில் முரணின்றி வாழ்வதற்குக் காரணம், ஒலியை ஆராய்ந்த மரபு ஒன்றும் வடிவை அறிந்த மரபு ஒன்றும் தொல்காப்பியர்க்கு முன்னரே ஒருங்கிணைந்திருந்தமை எனலாம். புள்ளி வழக்கு தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளின் பிற்காலக் கட்டத்திலேயே தென்படுகிறது என்பது ஐராவதம் மகாதேவனின் முடிவு. நூலின் காலத்தைக் கணிக்க அவர் அதனைப் பயன்படுத்தினார். ஆனால் ஒலிநூல் மரபின் காலம் அதனால் தெளிவாகிவிடாது.

'எழுது' என்னும் வினையும் நோக்கத்தக்கது. சங்கப் பாடல்களில் அது பெரிதும் ஓவியத்திற்கும் தொய்யிலுக்கும் கண்ணுக்கிடும் மைக்கும் உரிய வினையாக வருகிறது. சுவரிலும் தோளிலும் எழுதியோர் பின்னர்க் கல்லிலும் ஓலையிலும் எழுதினர். மொழியை வரைவது வரைதலின் ஒரு வகையாகவே தொடக்கத்தில் உணரப்பட்டிருத்தல் கூடும்.

அக்காலப் புலவர் எழுத்தை அறியாதவர் அல்லர். அகநானூற்றுப் பாட்டொன்று (77), கழுகு பிணத்தின் குடரை இழுக்கும் காட்சிக்கு, கயிற்றாற் கட்டிய குடத்தின் பொறியை நீக்கி உள்ளிருக்கும் ஓலையை எடுக்கும் ஆவண மாக்களை உவமை ஆக்குகிறது. ஊர் ஆட்சியின் எழுத்துவினை புலவர்க்கு உவமையாகும் அளவிற்குப் பழகிப்போன ஒன்று. குறுந்தொகையில் (156) பார்ப்பன மகனை விளித்துப் பேசும் பாட்டு, அவனது கல்வியை எழுதப்படாத கல்வி என்றே அடையாளம் காட்டுகிறது. எல்லாக் கல்வியும் எழுதப்படாததாக இருந்த சூழலில் ஒரு கல்வியை மட்டும் அவ்வாறு சிறப்பித்துக் கூறத் தேவை எழாது. எழுதுதல் இயல்பாகிவிட்ட சமூகமே எழுதாமையை ஓர் அடையாளமாகக் காணும். இவ்வளவும் அறிந்த புலவர், தம் பாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் பாடுதலையும் கேட்டலையும் நாவையுமே பேசுகின்றனர். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறும் புறப்பாட்டில் (72), பகைவரை வெல்லாது போயின் மாங்குடி மருதன் முதலாய புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்கிறான். எழுதாது ஒழிக என்று சொல்லவில்லை.

எழுத்தின் முதற்பணி

எழுத்து எதற்காகத் தோன்றியது என்னும் வினாவிற்கு உலகெங்கும் ஒரே விடை இல்லை. மெசொப்பொத்தாமியாவின் ஊருக் நகரில் ஏறத்தாழ கி.மு. 3300 அளவில் எழுந்த களிமண் பலகைகள் பெரும்பாலும் வாற்கோதுமை, ஆடு, கூலியாக அளிக்கப்பட்ட மது முதலியவற்றின் கணக்குகள். கில்கமேசு காவியம் அப்பலகைகளில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. கிரேக்கத்தின் நிலை வேறு. அங்கு நெடுங்கணக்கெழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய பொறிப்புகளுள், கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கலயங்கள் இரண்டில் செய்யுள் அடிகளே உள்ளன. ஓமரின் பாட்டை எழுதுவதற்காகவே கிரேக்க எழுத்து அமைக்கப்பட்டது என்று வாதிடும் அளவிற்குப் பாரி பவல் போன்றோர் சென்றனர்.

தமிழகச் சான்று ஊருக்கையும் ஒத்திருக்கவில்லை, கிரேக்கத்தையும் ஒத்திருக்கவில்லை. கொடுமணல், பொருந்தல், அழகன்குளம், கீழடி ஆகிய இடங்களில் கிடைத்த பானை ஓடுகளில் காணப்படுவன பெரும்பாலும் ஆட்பெயர்கள். கீழடியில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் கிடைத்துள்ளன. எகிப்தின் செங்கடற்கரைத் துறையான குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்னும் பெயர்களும், பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிக்கும் சொல்லும் ஓடுகளில் பொறிக்கப்பட்டிருந்தன. தாய்லாந்தின் குலோங் தோமில் கிடைத்த பொன் உரைகல்லில் அது பெரும்பதன் என்பானின் கல் எனக் குறிக்கப்பட்டுள்ளது. பானையும் கல்லும் இன்னாருடையவை என்று சொல்வதே அங்கு எழுத்தின் வேலை. மொழி மாறும் துறைமுகத்தில் உடையவன் அருகில் இல்லாதபோதும் பொருளுக்கு வாயாக எழுத்து நின்றது.

குகைக் கல்வெட்டுகள் அடுத்த நிலை. மதுரையை அடுத்த மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்தார். அவற்றின் மொழி தமிழே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவும்வரை நாற்பதாண்டுகள் அவை பாகதமோ பாலியோ என்னும் குழப்பத்தில் கிடந்தன. யார் யார்க்கு என்ன கொடுத்தார் என்பதே இக்கல்வெட்டுகளின் செய்தி.

1981இல் வெளிப்பட்ட சம்பைக் கல்வெட்டு இவற்றுள் தனித்து ஆராயத்தக்கது. திருக்கோவலூர்ப் பகுதியில் உள்ள இக்கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி பாளி ஒன்றை அளித்ததை ஒரே வரியில் கூறுகிறது. ஔவையார் பாடிய அதியமானைப் புறநானூறு அறிந்த அளவிற்கு வேறு குறுநில மன்னரை அறிதல் அரிது. அவனது போர், கொடை, கள், நெல்லிக்கனி, தூது, இறப்பு, இறந்தபின் ஔவையின் புலம்பல் அனைத்தும் பாட்டில் உள்ளன. கல்லில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மறுபுறம், கல்வெட்டு அவனுக்குச் 'ஸதியபுதோ' என்னும் பட்டத்தைத் தருகிறது. அசோகரின் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு எண்ணப்பட்ட சத்தியபுத்திரர் யாவர் என நெடுங்காலம் ஆராய்ச்சியாளரைத் திணறவைத்த சொல் அது. அப்பட்டம் அதியமானைப் பாடிய பாடல்களில் இல்லை. ஒரே மனிதனைப் பற்றிப் பாட்டு அறிந்தது ஒன்று, கல் அறிந்தது மற்றொன்று. பாட்டைப் பார்த்துக் கல்லையோ கல்லைப் பார்த்துப் பாட்டையோ ஒருவர் படைத்திருப்பின் இவ்வளவு பெரிய இடைவெளி நேர்ந்திராது. புகளூர்க் கல்வெட்டில் வரும் சேரர் மூன்று தலைமுறையினரைப் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவரோடு மகாதேவன் பொருத்திக் காட்டியபோதும் இதுவே நிலை. பெயர்கள் பொருந்துகின்றன. பாடுபொருள் பொருந்துவதில்லை.

எழுத்தும் நிகழ்த்துகலையும் முதலில் சந்திக்கும் இடங்களுள் ஒன்றாக ஈரோடு மாவட்டம் அறச்சலூர்க் கல்வெட்டைக் கூறலாம். தாளச் சொற்கட்டுகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில், இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஒன்றுபோலவே வரும்படி அங்கு அமைக்கப்பட்டுள்ளன. இவ்வெழுத்துகளைப் புணர்த்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன் எனக் கல் சொல்கிறது. வண்ணக்கன் என்பான் நாணயம் நோக்குபவன். வாயில் வழங்கிய சொற்கட்டைக் கட்டங்களாக்கிக் காண்பதற்கு, காசை நோட்டமிட்டுப் பழகிய கண் தேவைப்பட்டது போலும்.

நடுகல்

எழுத்தும் வாய்மொழியும் ஒருங்கு நிற்கும் களம் நடுகல்லே. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித் திணையில் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுக்கிறது. இவற்றுள் எழுத்துப் பொறித்தல் தனியொரு துறையாக எண்ணப்படவில்லை என்பது போதிய அளவு கவனிக்கப்படாத செய்தி. கல்லைத் தேடுவதும் நீராட்டுவதும் துறைகள். அதன்மீது பெயர் வெட்டுவது துறையன்று. நிறைவாக வருவதோ வாழ்த்தல், அதாவது வாயின் வினை. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களும் பெரிதும் இவ்வரிசையையே தழுவி வாழ்த்துக் காதையை அடைகின்றன.

ஆனால் பாடல்கள் நடுகல்லின் எழுத்தை அறிந்திருக்கின்றன. மறவரின் பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டி, வழிதோறும் நட்ட கற்களை அகநானூற்றின் 67, 131ஆம் பாட்டுகள் கூறுகின்றன. இரண்டும் இருவேறு புலவர் பாடியவை. எனினும் இச்செய்தியைச் சொல்லும் அடிகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே சொற்களால் அமைந்துள்ளன. மில்மன் பரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோசுலாவியப் பாடகரிடம் கண்டறிந்த வாய்பாட்டு முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி, க. கைலாசபதி 1968இல் ஆக்சுபோர்டு வெளியீடாகத் 'தமிழ் வீரநிலைக் கவிதை' பற்றிய ஆங்கில நூலைத் தந்தார். அவர் விளக்கிய வகையான வாய்பாட்டுத் தொடராகவே இதனைக் கொள்ளலாம். எழுத்தைப் பற்றிய செய்தியே வாய்மொழி மரபின் வாய்பாடாக வழங்கியது என்பது வியப்பிற்குரியது. எழுதப்பட்ட கல் நாவில் ஏறிய பின்னரே பாட்டுக்குள் வந்திருக்கிறது.

கைலாசபதியின் கொள்கையை அப்படியே ஏற்க இயலாது என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். பரி–லார்டு கொள்கை, நிகழ்த்தும்போதே புனையப்படும் நெடுங்கதைப் பாட்டுக்கு உரியது. சங்கப் பாடல்களுள் பெரும்பாலானவை குறியவை, செறிவானவை, புலவர் பெயரோடு நிற்பவை. பாணரின் வாய்மொழி மரபை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர் பாடியவை இவை என 1975இல் ஜார்ஜ் ஹார்ட் முன்வைத்த கருத்து சான்றுகளுக்கு இன்னும் நெருக்கமானது. எனினும் எழுத்தறிந்தவர் என்பதும் எழுதிப் பாடியவர் என்பதும் ஒன்றல்ல.

2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கா. ராஜன் குழுவினர் தமிழ்-பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அதுகாறும் எழுத்துடைய நடுகல் பற்றிய சங்கப் பாடற் குறிப்புகளைப் புலவர் கற்பனை எனவோ பிற்கால நிலை எனவோ கொள்வதற்கு இடம் இருந்தது. அவ்விடம் அன்றோடு அகன்றது. மூன்று கற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவனின் கல் என்கிறது. ஆகோள் என்பது தொல்காப்பியம் வெட்சித் துறைகளுள் ஒன்றாக எண்ணும் அதே சொல். பாட்டிலக்கணத்தின் கலைச்சொல் எனக் கருதப்பட்ட ஒன்று வையைக் கரையில் உண்மையான சாவுக்குரிய சொல்லாக நிற்கக் காண்கிறோம்.

அக்கல்லில் உருவம் இல்லை. ஊரும் பெயரும் நிகழ்ச்சியும் உள்ளன. பாட்டு பெயரையும் பெருமையையும் எழுதியதாகக் கூறுகிறது. கிடைத்த கல்லிலோ பெயர் இருக்கிறது, பெருமை இல்லை. அந்தவன் எத்தனை பேரை எதிர்த்தான், எவ்வாறு வீழ்ந்தான், அவன் தாயோ மனைவியோ என்ன சொல்லினர் என்பன ஒன்றும் கல்லில் இல்லை. அவை கல்லைச் சுற்றி நின்றோர் வாயில் இருந்தன. கல்லின் எழுத்து அப்பேச்சைத் தொடங்கிவைக்கும் குறிப்பு மட்டுமே. வழிப்போக்கன் பெயரைப் படிப்பான், ஊரார் கதையைச் சொல்வர். பெருமை எழுதப்பட்டிருந்தது எனப் புலவர் கூறியதைப் பொய் எனல் வேண்டா. பெருமையை முன்னரே அறிந்து வந்து பெயரைப் படித்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒருங்கே தெரிந்திருக்கும்.

எழுத்தின் வலுவின்மையையும் புலவர் நன்கு அறிந்திருந்தனர். அம்பு தீட்டுவோர் தீட்டித் தீட்டித் தேய்ந்த நடுகல்லில் எழுத்தை இயைத்துப் படிக்கமாட்டாது வழிச்செல்வோர் விட்டு நீங்குவதை அகநானூற்றின் 297ஆம் பாட்டு காட்டுகிறது. 343ஆம் பாட்டில், கோடு மாய்ந்த எழுத்து வழிப்போக்கர்க்கு வேறு பொருள் தருகிறது. எழுத்து நிலையானது, பேச்சு நிலையற்றது என்னும் இன்றைய பொதுக்கருத்து இப்பாடல்களில் இல்லை. இங்குத் தேய்வது எழுத்து.

இவ்வனைத்தினும் கூர்மையானது புறநானூற்றின் 264ஆம் பாட்டு. ஆனிரை மீட்டு இறந்தவனுக்குப் பதுக்கை சேர்த்து, செம்பூங்கண்ணியும் பீலியும் சூட்டி, பெயர் பொறித்துக் கல்லும் நட்டுவிட்டனர். அவன் இறந்ததை அறியாமல் பாணரின் சுற்றம் இன்றும் பரிசில் நாடி வருமோ எனப் புலவர் வினவுகிறார். பெயர் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் செய்தி பாணரைச் சென்றடையவில்லை. அவர்கள் பாட்டில் அவன் இன்னும் உயிரோடிருக்கிறான். எழுத்துக்கும் வாய்மொழிக்கும் இடையில் ஒரு காலத்தில் நிலவிய தொலைவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று பிறிதொன்று காண்பது அரிது. எழுத்து வந்ததால் பாணன் மறைந்தான் என்று இப்பாட்டு சொல்லவில்லை. புரவலன் மறைந்ததால் பாணன் நிற்க இடமின்றிப் போவான் என்னும் கவலையே அதில் உள்ளது.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்தைச் சார்ந்த அக்கற்களில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முன்னே வந்துவிடுகின்றன. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல் வீரனோடு அவன் நாயையும் கோவிவன் எனப் பெயரிட்டுக் குறிக்கிறது. கள்வரைக் கடித்துக் காத்த நாய்க்கும் எழுத்தில் இடம் தரும் அளவிற்கு ஊராரின் கதை கல்லுக்குள் நுழையத் தொடங்கிவிட்டது. அரசனின் புகழ் செய்யுளாகவே கல்லேறுவதோ கி.பி. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில்.

இவற்றை நோக்க, தமிழில் எழுத்தும் பாட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தவை அல்ல என்பது புலனாகும். கீழடி ஓட்டின் பழமை அகநானூற்றின் பழமைக்குச் சான்று ஆகாது. ஆதன் தன் பானையில் பெயர் எழுதிய நாளில் பாணர் பாடிக்கொண்டிருக்கலாம், அல்லது அப்பாட்டு இன்னும் பிறவாதிருக்கலாம். ஓடு அதனைச் சொல்லாது. அவ்வாறே, நூல்வடிவில் தொகுப்பு பிற்பட்டது என்பதாலும் பாட்டு பிற்பட்டதாகிவிடாது. டீக்கனின் கொள்கைக்குச் சம்பைக் கல்வெட்டும் புலிமான்கோம்பைக் கல்லும் தடையாக நிற்கின்றன. எட்டாம் நூற்றாண்டில் பழமையைப் புனைய முனைந்த அவைப்புலவர் ஒருவர், மண்ணுள் மறைந்து கிடந்த கல்லின் சொல்லை எங்ஙனம் அறிந்தார்? வாய்மொழி மரபு இடையறாது வந்தது எனக் கொண்டாலன்றி இதற்கு விடை இல்லை.

கன்னட நாட்டுக் கற்கள்

ஈஜிபுரா அமைந்த கன்னட நாட்டில் எழுத்தின் வருகை வேறு வழியில் நிகழ்ந்தது. பி. எல். ரைஸ் கண்டறிந்த பிரம்மகிரி அசோகர் கட்டளை, பிராமி எழுத்தில் பாகத மொழியில் உள்ளது. அதனை எழுதிய சபடன் என்னும் எழுத்தாளன் தன் தொழிலைக் குறிக்கும் சொல்லை மட்டும் வடமேற்கின் கரோட்டி எழுத்தில் வெட்டிவிட்டுச் சென்றான். ஊரார் பேசிய மொழி அக்கல்லில் இல்லை, ஊரார் அறிந்த எழுத்தும் இல்லை. அசோகரின் கட்டளைகள் படிப்பதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் எழுதப்பட்டவை. கலிங்க நாட்டுத் தௌலிக் கட்டளை, பூச நாளில் தன்னை மக்கள் கேட்டல் வேண்டும், ஒருவரேனும் கேட்டல் வேண்டும் என்று தானே ஆணையிடுகிறது. அக்கல் முன்னிலைப்படுத்தியது செவியை.

கன்னடம் கல்லேறுவது ஏறத்தாழ கி.பி. 450ஐச் சார்ந்த அல்மிடிக் கல்வெட்டின் காலத்தை ஒட்டியே. அதற்கு முன்னர் அம்மொழியில் பாட்டு இல்லை என எவரும் கூறார். பாதாமியில் ஏறத்தாழ கி.பி. 700இல் பொறிக்கப்பட்ட கப்பே அரபட்டன் கல்வெட்டு திரிபதி யாப்பில் அமைந்த கன்னடச் செய்யுளைக் கொண்டது. திரிபதி, பெண்கள் திரிகையில் மாவரைக்கும்போது பாடும் பாட்டின் யாப்பு. கன்னடக் கல்வெட்டில் செய்யுள் தோன்றிய தொடக்கத்திலேயே நாட்டார் யாப்பு அங்கு வந்து நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டின் கவிராசமார்க்கம் கன்னடத்தில் இன்று கிடைக்கும் முதல் நூல். முறையாகக் கல்லாமலேயே பாட்டுப் புனைய வல்லவர் தம் நாட்டு மக்கள் என்று அந்நூல் பெருமிதம் கொள்கிறது. கன்னட நூல்மரபு தனக்கு முந்தைய எழுதாப் பாட்டை அறிந்தே தொடங்கியது.

இன்றைய பெங்களூரு எல்லைக்குள்ளும் கற்கள் உள. எப்பாளத்தில் 2018இல் கண்டறியப்பட்ட கித்தயனின் வீரகல், கங்க மன்னன் சிரீபுருசன் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 750ஐச் சார்ந்தது. ஈஜிபுராவின் வடக்கே மிக அண்மையில் உள்ள டொம்லூர்ச் சொக்கநாதர் கோயில் சுவர்களில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. சொக்கப்பெருமாளுக்கு அளிக்கப்பட்ட நிலமும் வருவாயும் அவற்றின் பொருள். ரைசின் 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதி, 1905இல் பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளை அச்சேற்றியது. அக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ் பேசுவோர் உளர். அவர்தம் மொழியே சுவரில் இருக்கிறது. ஆயினும் அச்சுவர் அவர்களோடு பேசுவதில்லை.

எழுத்தைப் படிக்கும் மரபு அறுந்த பின்னரும் கல் வழிபாடு அறுவதில்லை என்பதற்குத் தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் சான்று மிகுதி. அங்கு நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் பூசை பெறுகின்றன. கல்லில் வீரனின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் தெளிவாக நிற்கும். பொங்கல் வைப்போர் அதனை அறியார். அவர்கள் அறிந்தது வேடியப்பனை. கல் பெயரைக் காத்துக் கதையை இழந்தது, வாய் வழிபாட்டைக் காத்துப் பெயரை மாற்றிக்கொண்டது.

பெங்களூரு என்னும் ஊர்ப்பெயரிலும் இதுவே நிகழ்ந்தது. ஈஜிபுராவிலிருந்து தெற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பேகூர். அங்குள்ள நாகேசுவரர் கோயில் வளாகத்து வீரகல் ஒன்று, நாகத்தரனைச் சார்ந்த புட்டணசெட்டி பெங்களூருப் போரில் இறந்ததைக் கூறுகிறது. மைசூர்த் தொல்லியல் துறையைச் சார்ந்த ஆர். நரசிம்மாச்சார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்படுத்திய இக்கல், ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்தது. ஊராரிடையே வழங்கும் கதையோ வேறு. ஒய்சள மன்னன் வீரவல்லாளன் வேட்டையில் வழிதவறிப் பசித்து வந்தபோது கிழவி ஒருத்தி வெந்த பயறு கொடுத்தாள் என்றும், அதனால் வெந்த பயற்றின் ஊர் எனப் பொருள்படும் 'பெந்தகாளூரு' என்னும் பெயர் ஏற்பட்டது என்றும் அக்கதை சொல்லும். வீரவல்லாளன் ஆண்டது 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். அவன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே இவ்வூரின் பெயர் கல்லில் இருந்தது. கதை தவறு எனக் கல் மெய்ப்பித்துவிட்டது. எனினும் இவ்வூரார் எவரிடம் கேட்டாலும் கிழவியையும் பயற்றையும் சொல்வர். புட்டணசெட்டியை அறிந்தவர் கல்வெட்டறிஞர் மட்டுமே. அவனுக்காக அன்று ஒருவர் பாடியிருப்பர். அப்பாட்டு எங்கும் எழுதப்படவில்லை.